இணையத்தை நிறுத்தும் அதிகாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இணைய முடக்கம் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். முடக்கம் என்று நான் சொல்வது, ஒரு பகுதி முழுக்க மொபைல் டேட்டாவையோ பிராட்பேண்டையோ அரசு நிறுத்துவதை. குறிப்பிட்ட ஒரு தளத்தை மட்டும் தடுப்பதற்கு வேறு சட்டம் இருக்கிறது.

கேள்வி: 2018-ல் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் எங்களுக்கு நெட் போய்விட்டது. கலெக்டர் நிறுத்தினார் என்றார்கள், சிலர் கம்பெனிக்காரர்களே நிறுத்தினார்கள் என்றார்கள். யாருக்கு அந்த அதிகாரம்? (தூத்துக்குடி வாசகர்)

உள்துறைச் செயலாளருக்கு. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். 2018 மே 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாளுக்கு இணையத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டவர் தமிழக உள்துறைச் செயலாளர். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், அதன்கீழ் 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தன. இப்போது அவற்றுக்குப் பதிலாக 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 நவம்பரில் வந்த விதிகளும் இருக்கின்றன. ஆனாலும் அதிகாரம் உள்துறையிடமே இருக்கிறது. செயலாளரை அணுக முடியாத அவசரத்தில் இணைச் செயலாளர் நிலையில் உள்ள அதிகாரி உத்தரவிடலாம். 24 மணி நேரத்துக்குள் மேலிட ஒப்புதல் வராவிட்டால் அது செல்லாது.

144 தடை உத்தரவைக் காட்டி மாவட்ட நிர்வாகமே நிறுத்திய காலமும் உண்டு. நீங்கள் கேட்ட 'கலெக்டர் நிறுத்தினார்' பேச்சு அந்தப் பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம். நிறுவனங்களைப் பொறுத்தவரை, உத்தரவு கையில் வந்துவிட்டால் அந்த எல்லைக்குள் டேட்டாவை நிறுத்தியே ஆக வேண்டும்.

அந்த மே மாதம் தூத்துக்குடியில் மக்களுக்கு அவசரமாக வேண்டியிருந்தது தகவல்தான். யார் எந்த மருத்துவமனையில் இருக்கிறார், யார் இன்னும் வீடு திரும்பவில்லை, எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று தெரிந்தாக வேண்டிய நேரம் அது. அந்த நேரம் பார்த்து இணையத்தை நிறுத்தியதை என்னால் பொதுப் பாதுகாப்பு என்று ஏற்க முடியவில்லை.

கேள்வி: வாட்ஸ்அப் வதந்தியால் கொலையே நடக்கிறது. உயிரைவிட நெட் முக்கியமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், போளூர்)

உயிர்தான் முக்கியம், ஐயா. உங்கள் பக்கத்திலேயே அதே 2018 மே மாதம், கோயிலுக்குப் போன 65 வயதுப் பெண்மணியைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து ஒரு கும்பல் அடித்தே கொன்றது. அதனால் உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். வதந்தியை எப்படி அடக்குவது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று, எங்கெங்கோ நடந்த சம்பவங்களின் வீடியோக்களை ஒட்டிப் பரப்பினார்கள். தொழிலாளர்கள் பயந்துபோய் ஊருக்கு ரயில் ஏறினார்கள். அப்போது இங்கே இணையத்தை நிறுத்தவில்லை. டிஜிபி வீடியோவில் வந்து மறுத்தார். இந்தியில் விளக்கங்கள் வந்தன, உதவி எண்கள் கொடுத்தார்கள், பொய் பரப்பியவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்தது. பதற்றம் தணிந்தது. அன்று இணையத்தை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொய் ஏற்கெனவே எல்லார் போனிலும் இறங்கிவிட்டது, அதற்கான மறுப்பு மட்டும் போய்ச் சேர்ந்திருக்காது. திருப்பூரில் இருக்கும் மகன் பீகாரில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் முகம் காட்டி 'நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லியிருக்க முடியாது.

முடக்கினால் கலவரம் குறைகிறது என்பதற்கு அரசிடம் ஆதாரமும் இல்லை. 2021 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு இதைத்தான் குறையாகச் சொன்னது: முடக்கத்தால் பலன் உண்டா என்று ஆய்வு செய்யவில்லை, நாட்டில் எத்தனை முறை நிறுத்தினார்கள் என்ற கணக்கையும் மத்திய அரசு வைத்திருக்கவில்லை.

கேள்வி: மணிப்பூரில் நெட்டை நிறுத்தியதால்தான் கலவரம் கொஞ்சமாவது அடங்கியது என்கிறார் நண்பர்.

தேதிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 2023 மே 3 அன்று இணையம் நின்றது. மே 4 அன்று குக்கி இனத்தைச் சேர்ந்த இரண்டு பெண்களை ஒரு கும்பல் ஆடையின்றி நடக்கவிட்டுக் கொடுமைப்படுத்தியது. டெல்லியில் கொல்லப்பட்ட ஒரு பெண்ணின் படத்தை மணிப்பூர்ப் பெண் என்று பரப்பிய பொய்தான் அந்தக் கும்பலைத் தூண்டியது என்று பின்னர் செய்திகள் வந்தன. அப்படியென்றால் இணையம் நின்ற பிறகும் பொய் ஊருக்குள் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நின்றுபோனது சாட்சியம். அந்தக் கொடுமை பற்றிய புகார் மே மாதமே காவல் நிலையத்துக்குப் போய்விட்டது. வீடியோ வெளியே வந்தது ஜூலை 19. முதல் கைது அதற்கு மறுநாள். இடையில் இரண்டரை மாதம் அந்தப் பெண்களுக்கு என்ன நடந்தது என்று நாட்டுக்குத் தெரியாது. இந்த அதிகாரத்தில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். அரசு தவறு செய்தாலும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாலும், அதைப் பார்த்தவர்களின் வாயை அடைக்கும் வசதியும் அதே அரசின் கையில் இருக்கிறது.

கேள்வி: விபிஎன் போட்டால் வேலை செய்யுமா?

செய்யாது. விபிஎன் என்பது நம் இணையத் தொடர்பை வேறு இடத்து சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வசதி. ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மாதிரி சில தளங்களை மட்டும் தடுத்தால் அது உதவும். டேட்டாவே இல்லாதபோது விபிஎன்னுக்கும் போக வழி இல்லை. புளூடூத் வழியே போனிலிருந்து போனுக்குச் செய்தி அனுப்பும் செயலிகள் உண்டு, ஆனால் ஒரு தெருவைத் தாண்டுவதற்கே அங்கங்கே ஆட்கள் அதே செயலியோடு இருக்க வேண்டும். அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: என் மளிகைக் கடையில் முக்கால்வாசி வியாபாரம் யுபிஐதான். நெட் நின்றால் என்ன செய்வது? (ஓசூர்)

பல உத்தரவுகள் மொபைல் டேட்டாவை மட்டும்தான் நிறுத்துகின்றன, கேபிள் வழி வரும் பிராட்பேண்ட் ஓடும். முடிந்தால் கடைக்கு ஒரு இணைப்பு எடுத்துவையுங்கள். அப்புறம் *99# என்று டயல் செய்து பணம் அனுப்பும் வசதிக்கு டேட்டா தேவையில்லை. ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். சில நிறுவனங்களின் சிம்மில் அது சரியாக வருவதில்லை, அதனால் இன்றைக்கே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

உங்களைவிட அதிகம் அடிபடுபவர்கள் இருக்கிறார்கள். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் கருவிக்கும் இணையம் வேண்டும், 100 நாள் வேலையின் வருகைப் பதிவும் செயலி வழியாகத்தான் நடக்கிறது. அரிசியையும் கூலியையும் இணையத்தோடு கட்டிவிட்டு அதே இணையத்தை அணைப்பது அநியாயம்.

கேள்வி: காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு கொடுத்துவிட்டதே, பிறகும் ஏன் நிறுத்துகிறார்கள்? (சட்டக் கல்லூரி மாணவி, மதுரை)

அனுராதா பாசின் வழக்கு, 2020 ஜனவரி 10. தீர்ப்பில் நல்ல வரிகள் பல உண்டு. இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசமைப்பின் 19-ஆம் பிரிவின் பாதுகாப்புக்குள் வரும். காலவரையின்றி நிறுத்தக் கூடாது. உத்தரவை வெளியிட்டே ஆக வேண்டும். தேவைக்கு மேல் போகக் கூடாது. ஆனால் காஷ்மீரில் 2019 ஆகஸ்டிலிருந்து நடந்துகொண்டிருந்த முடக்கத்தை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை, மறுபரிசீலனை செய்யச் சொல்லி அரசிடமே விட்டது. அந்த மாதக் கடைசியில் 2ஜி வந்தது, அதுவும் அனுமதிப் பட்டியலில் இருந்த தளங்களுக்கு மட்டும். கொரோனா தொடங்கியபோது சிகிச்சை வழிகாட்டு நெறிமுறைகளைத் தரவிறக்க முடியாமல் அங்கே மருத்துவர்கள் தவித்தார்கள். மே மாதம் 4ஜி கேட்டு வந்த வழக்கில், மத்திய உள்துறைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு முடிவெடுக்கட்டும் என்றது நீதிமன்றம். 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். 2019 ஆகஸ்டிலிருந்து கணக்குப் போட்டால் பதினெட்டு மாதம்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மாநிலத்தில் உத்தரவைப் பரிசீலிக்கும் குழுவில் தலைமைச் செயலாளர், சட்டச் செயலாளர், இன்னொரு செயலாளர் என மூவருமே அரசு அதிகாரிகள். உத்தரவு போட்டவரோடு அன்றாடம் ஒரே கட்டடத்தில் வேலை செய்பவர்கள் அவரை எப்படித் தட்டிக் கேட்பார்கள்? ஓய்வுபெற்ற நீதிபதிகள் போன்ற வெளியாட்களைச் சேர்க்க நிலைக்குழு பரிந்துரைத்தும் அது நடக்கவில்லை. ஒரு உத்தரவுக்கு 15 நாள் உச்சவரம்பு உண்டு, சரி. ஆனால் பதினாறாவது நாள் புதிய உத்தரவு போடலாம். மணிப்பூரில் மாதக்கணக்கில் நீண்டது இப்படித்தான்.

கேள்வி: தேர்வு நாளில் காப்பியடிப்பதைத் தடுக்க நிறுத்துகிறார்களே?

ராஜஸ்தானில் 2021 ஆசிரியர் தகுதித் தேர்வன்று அப்படித்தான் செய்தார்கள். வினாத்தாள் அதற்கு முன்பே கசிந்திருந்தது, தேர்வின் ஒரு பகுதியைப் பிறகு ரத்து செய்தார்கள். வேறு விளக்கம் தேவையில்லை.

கேள்வி: இலங்கையில் 2022-ல் சமூக வலைத்தளங்களைத் தடுத்தும் அரசுக்கு எதிரான போராட்டம் நிற்கவில்லையே? (யாழ்ப்பாணம்)

ஏப்ரல் 3 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் முதலியவற்றைத் தடுத்தார்கள். பாதுகாப்பு அமைச்சு கேட்டதாகத் தெரிந்ததும், மனித உரிமைகள் ஆணைக்குழு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் அதிகாரிகளை அழைத்து விளக்கம் கேட்டது. அன்றே தடை நீங்கியது. மக்கள் அதற்குள் விபிஎன்னுக்கு மாறியிருந்தார்கள், அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தானும் விபிஎன் வழியாகத்தான் எழுதுவதாகவும் தடையால் பயனில்லை என்றும் பதிவிட்டார். அதிகாரம் உண்டா என்று அன்றைக்கே கேட்க ஒரு அமைப்பு இருந்ததைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

கேள்வி: எங்கள் மாவட்டத்தில் நிறுத்தினால் தனி ஆளாக என்ன செய்யலாம்?

எந்த நேரத்தில் நின்றது, மொபைலா பிராட்பேண்டா, எந்த நிறுவனம், எப்போது திரும்பியது என்று எழுதிவையுங்கள். நிறுவனத்திலிருந்து வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். புதிய விதிகளின்படி உத்தரவைக் காரணத்தோடு வெளியிட வேண்டும், அதனால் முதலில் அரசு இணையதளத்தில் தேடுங்கள். இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் உள்துறைக்கு மனுப் போட்டு உத்தரவின் நகலையும் பரிசீலனைக் குழுவின் முடிவையும் கேளுங்கள். வியாபார நஷ்டம், தவறிய நேர்காணல், தள்ளிப்போன சிகிச்சை எதுவானாலும் ரசீதோடு வையுங்கள். உயர் நீதிமன்றத்தில் யாராவது வழக்குப் போடும்போது இப்படிப்பட்ட காகிதங்கள்தான் வழக்கறிஞருக்குத் தேவைப்படும்.