டிசம்பர் என்றாலே புயலும் பௌர்ணமியும்தானா?

2004 சுனாமி பௌர்ணமியன்று வந்தது, வர்தா புயலும் பௌர்ணமியை ஒட்டித்தான் கரையேறியது. நிலாவுக்கும் பேரிடருக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

2004 டிசம்பர் 26 மார்கழிப் பௌர்ணமிதான். ஆனால் சுனாமியைக் கிளப்பியது சுமத்ரா அருகே கடலடியில் வந்த நிலநடுக்கம். வர்தா சென்னையைத் தாக்கியது 2016 டிசம்பர் 12, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் முன்பு. மற்ற தேதிகளையும் சேர்த்துப் பாருங்கள்: தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் 22 இரவு தேய்பிறை. 2015 சென்னை வெள்ளமும் 2023 மிக்ஜாமும் தேய்பிறைதான். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால்தான் டிசம்பரில் புயல் வருகிறது.

பௌர்ணமி, அமாவாசையில் கடல் ஏற்றம் கூடும், உண்மை. அப்போது பெருமழையும் சேர்ந்தால் அடையாறு, கூவம் முகத்துவாரங்களில் வெள்ளம் வடியத் தாமதமாகும். நிலா செய்வது அவ்வளவுதான்.

இப்படித் தேதிகளை ஒப்பிட மழைப் பதிவுகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மழைமானியைக் காலை 8.30க்கு அளப்பார்கள், முந்தைய 24 மணி நேர மழை அன்றைய தேதியில் ஏறும். தாம்பரத்தில் 2015 டிசம்பர் 1 பகலும் இரவும் கொட்டிய 49 செ.மீ. மழை, பதிவேட்டில் டிசம்பர் 2 என்றிருப்பது அதனால்தான்.