கம்பளிப்பூச்சியும் காஜாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பட்டு எம்பிராய்டரி ஒன்றைப் படத்தில் பார்த்தேன். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகிறார். பக்கத்தில் ஆட்டை விடப் பெரிய கம்பளிப்பூச்சி, நீல இலைகள். இவற்றின் ஆன்மிகப் பொருள் என்ன? நானும் சாட்டின் துணியில் புடைத்து நிற்கும் ஒரு ஈசாக்கு செய்து பார்த்தேன். பஞ்சு வைத்து ஃபேப்ரிக் க்ளூவால் ஒட்டினேன். சாட்டின் சுருங்கிவிட்டது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீல இலைகள் தைத்த நாளில் பச்சைதான். அவுரி நீலமும் வெல்ட் என்ற செடியின் மஞ்சளும் ஏற்றிச் சாயமிட்ட பட்டு அது. வெளிச்சம் பட்டு மஞ்சள் போய்விட்டது, அவுரி நின்றுவிட்டது. இதில் ஆன்மிகம் எங்கிருந்து வந்தது? கம்பளிப்பூச்சியும் அப்படித்தான். விவிலியக் காட்சிக்கு 1585இல் ஆன்ட்வெர்ப்பில் கெரார்ட் டி யோட வெளியிட்டது போன்ற செதுக்குப் படங்கள் முன்மாதிரி. பூ, பூச்சிகளுக்கு லண்டனில் பீட்டர் ஸ்டென்ட் போன்றவர்கள் அச்சிட்டு விற்ற தாள்கள். ஒவ்வொன்றும் ஒரு தாளிலிருந்து வந்தது. அளவு பொருந்துகிறதா என்று யாரும் மெனக்கெடவில்லை.

எனக்கு உங்கள் கடைசி வரிதான் முக்கியம். பசையா! அந்தக் காலத்து இங்கிலாந்துச் சிறுமி மார்த்தா எட்லின் 1668இல், எட்டு வயதில், தையல் பழகும் மாதிரித் துணியை வண்ணப் பட்டில் தைத்தாள். அடுத்த வருடம் வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் தையல். 1671இல்தான் எம்பிராய்டரி போர்த்திய பேழை. மூன்றும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நீங்கள் நேராகப் பேழைக்குப் போய்விட்டீர்கள். ஆசை புரிகிறது, குறை சொல்லவில்லை. பசையைத்தான் சொல்கிறேன். அது சாட்டினில் கறையாக ஊறும். காய்ந்த இடத்தில் ஊசியும் இறங்காது.

சாட்டின் தனியாக எடை தாங்காது, அதனால்தான் சுருங்கியது. சட்டத்தில் முதலில் லினனை முரசுத்தோல் போல இழுத்துக் கட்டி, அதன் மேல் சாட்டினைத் தைத்துவிடுங்கள். பஞ்சு கட்டிகட்டியாகத் திரளும். ஃபெல்ட் துண்டுகளை அடுக்குங்கள்: அடியில் சிறியது, மேலே பெரியது. மாற்றி வைத்தால் ஓரம் படிக்கட்டாகத் தெரியும்.

ஈசாக்கின் சட்டைக்குத் துணியைத் தொடாத காஜா தையல், பொத்தான் துளை ஓரத்தில் போடுவதுதான். உருவின் ஓரத்தைச் சுற்றி ஒரு நூலைப் பதித்துத் தையுங்கள். முதல் வரிசை காஜா அந்த நூலில் மட்டும் மாட்டும். வரிசை முடிந்ததும் நூலைத் தொடங்கிய பக்கத்துக்கே நேராகப் போடுங்கள். அடுத்த வரிசையில் மேல் கண்ணியையும் இந்த நேர்நூலையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். எல்லோரும் கெடுப்பது இங்கேதான். நூலை இறுக்கினால் நடுவில் இடுப்பு விழும். ஓரத்துக் கண்ணியை விட்டால் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று குறைந்து, சதுரம் முக்கோணமாகும். ஆகவே ஒவ்வொரு வரிசை முடிவிலும் கண்ணிகளை எண்ணுங்கள். அலுக்கத்தான் செய்யும், எண்ணுங்கள். கீழ் ஓரத்தில் கடைசி வரிசையை மாட்டும்போது ஃபெல்ட் முழுதும் உள்ளே அடங்கியிருக்க வேண்டும்.

தனியே தூக்கி நிற்கும் இலைக்கும் இதே காஜாதான். ஓரத்தில் நூலுக்குப் பதில் மெல்லிய கம்பி. வேறு துணியில் கம்பியைத் தற்காலிகமாக நூலால் கட்டி, உள்ளே காஜாவால் நிரப்பி, கட்டிய நூல்களைப் பின்னாலிருந்து வெட்டி எடுங்கள். முன்னாலிருந்து வெட்டினால் காஜாவும் சேர்ந்து போகும்.

பசை போட்ட ஈசாக்கைப் பிரிக்க முயலாதீர்கள், சாட்டின் கிழியும். புதுத் துணி வாங்குங்கள், லினனோடு சேர்த்து.