அம்மாவின் நினைவாக ஒரு தண்ணீர்த் தொட்டி

கேள்வி: தெருநாய், மாடு, காக்கை எதையும் எங்கள் அம்மா பட்டினியாக விட்டதில்லை. வருகிற சித்திரையில் அவருக்கு முதல் திதி. அன்று மாடுகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்து, வாசலோரம் தண்ணீர்த் தொட்டியும் கட்டலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: தொட்டியைக் கட்டாயம் கட்டுங்கள் அம்மா. பொங்கல் வேண்டாம். பழக்கமில்லாத மாடு சோறோ பொங்கலோ நிறையத் தின்றால் இரைப்பையில் அமிலம் பெருகி, அசைபோடுவது நின்று, வயிறு உப்பிவிடும், உயிரே போகலாம். படையலில் ஒரு கைப்பிடி போதும். மற்றபடி அகத்திக்கீரை கொடுங்கள், கட்டியிருக்கும் பிளாஸ்டிக் நாரை அவிழ்த்துவிட்டு.

வேலூர்ப் பக்கம் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தண்ணீர்தான் அப்போது பெரிய தர்மம். தொட்டி மர நிழலில், உங்கள் இடத்துக்குள் இருக்கட்டும். மாட்டுக்கு 2 அடி உயரம். நாய், பூனைக்குப் பக்கத்திலேயே தாழ்வான மண்சட்டி. அடியில் வடிகால் துளையும் அடைப்பானும் அவசியம். அது இல்லாவிட்டால் கழுவ முடியாமல் பாசி மண்டி, மாடே முகம் திருப்பிக்கொள்ளும். புது சிமென்ட்டின் காரம் தண்ணீரில் இறங்கும்; ஒரு வாரம் தினமும் நிரப்பி வடித்த பிறகே குடிக்க விடுங்கள். உள்ளே ஒரு கல்லைச் சாய்த்து வைத்தால், தவறி விழுந்த அணில் ஏறிவிடும். கொசுப்புழு வராமலிருக்க 3 நாளுக்கொரு முறை தென்னம்நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு கூடாது.

நாய்ச் சோற்றில் வெங்காயமும் வெந்த கோழி எலும்பும் சேர்க்காதீர்கள். அம்மா சோறு போட்ட நாய்களுக்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள்.