கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் குடும்பத்துடன் ஒரு நாள்: கேள்வி பதில்

கேம்பிரிட்ஜில் பல ஆண்டுகளாகக் குடியிருந்து, வரும் உறவினரையும் நண்பர்களையும் கல்லூரிகளுக்கு அழைத்துச் செல்பவன் என்ற முறையில், பயணம் திட்டமிடுவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கட்டடங்கள், வரலாறு, நடக்கும் வழி ஆகியவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியும். விசாவும் தங்கும் விடுதியும் என் துறை அல்ல.

கேள்வி: லண்டனிலிருந்து 9, 13 வயதுப் பிள்ளைகளுடன் வருகிறோம். எட்டுக் கல்லூரிகளின் பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒரே நாளில் அத்தனையும் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். இப்பல்கலைக்கழகத்தில் மொத்தம் 31 கல்லூரிகள் உள்ளன. வெளியூரார் பார்க்க விரும்பும் பழைய கல்லூரிகளில் பெரும்பாலானவை ஆற்றை ஒட்டி அருகருகே இருப்பதால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் நான்காவது முற்றத்துக்குள் நுழையும்போது பிள்ளைகளுக்கு எல்லா முற்றமும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே சென்று பார்ப்பதற்கு இரண்டு கல்லூரிகளைத் தேர்ந்தெடுங்கள், மற்றவற்றைத் தெருவிலிருந்தும் ஆற்றிலிருந்தும் பாருங்கள்.

கிங்ஸ் கிராஸிலிருந்து வேகமான ரயிலில் சுமார் 50 நிமிடம் ஆகும். ரயில் நிலையம் ஊர் நடுவில் இல்லை. இருபது நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும், அல்லது பேருந்து ஏற வேண்டும். காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் கிங்ஸ் கல்லூரித் தேவாலயம், மதியம் வரை கிங்ஸ் பரேட் தெருவும் சந்தைச் சதுக்கமும், உணவுக்குப் பின் படகு, அதன் பின் இரண்டாவது கல்லூரி என்று வைத்துக்கொண்டால் நாள் சரியாக இருக்கும். காரில் வருவோர் ஊருக்குள் நுழைய வேண்டாம். எம்11 சாலையிலிருந்து வருவோருக்கு ட்ரம்பிங்டன், மேடிங்லி சாலை ஆகிய இடங்களில், காரை விட்டுவிட்டுப் பேருந்தில் ஊருக்குள் செல்லும் பார்க் அண்ட் ரைடு நிறுத்தங்கள் இருக்கின்றன.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், மீண்டும் சொல்வேன்: கிளம்பும் நாளன்று காலையில் கல்லூரியின் இணையதளத்தைப் பாருங்கள். கல்லூரி என்பது மாணவர்கள் குடியிருக்கும் இடம். திருமணம், இறுதிச் சடங்கு, பட்டமளிப்பு, ஒலிப்பதிவு என ஏதாவது ஒரு காரணத்தால் முன்னறிவிப்புக் குறைவாகவே வாயில் மூடப்படலாம்.

கேள்வி: கிங்ஸ் தேவாலயத்துக்குக் கட்டணம் அதிகமாக இருக்கிறது. உள்ளே பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? ஒரு பெரிய மாதா கோயில்தானே?

பதில்: கட்டணத்துக்கு மேலேயே இருக்கிறது, எங்கே பார்ப்பது என்று தெரிந்தால். ஆறாம் ஹென்றி 1446இல் தொடங்கிய கட்டடம் இது. இடையில் அரியணைக்கான ரோஜாப் போர்கள் மூண்டு, அவரே பதவியும் உயிரும் இழந்து, வேலை நின்று நின்று நடந்து, கட்டுமானம் 1515இல்தான் முடிந்தது. அந்த இடைவெளி சுவரிலேயே தெரிகிறது. உள்ளே போகுமுன் வெளிச்சுவரின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள்; முதற்கட்டத்தில் வைத்த வெளிர்நிறக் கல்லும் பின்னர் வந்த கல்லும் வேறு நிறமாக இருக்கும். எந்த இடத்தில் அரசரின் பணம் நின்றது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். ஜான் வாஸ்டெல் என்ற தலைமைக் கல்தச்சர் மூன்றே ஆண்டுகளில், 1512 முதல் 1515 வரை, அமைத்த இந்தக் கற்கூரை விசிறி போல விரிவது; இவ்வகைக் கூரைகளில் உலகிலேயே மிகப் பெரியது இதுதான். கட்டடத்தின் நீளம் சுமார் 88 மீட்டர், உட்புற உயரம் சுமார் 24 மீட்டர். இவ்வளவு கல்லையும் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் பக்கவாட்டு முட்டுச்சுவர்கள் தாங்குகின்றன. தஞ்சைக் கோயிலை அண்ணாந்து பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இந்தக் கல்வேலையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, கூடத்தை இரண்டாகப் பிரிக்கும் கருமையான மரத் தடுப்பின் அருகே செல்லுங்கள். எட்டாம் ஹென்றி 1530களில் செய்வித்தது. அதன் செதுக்கலில் அவருடைய பெயரின் முதலெழுத்தும் அரசி ஆன் பொலினின் முதலெழுத்தும் பின்னிக் கிடக்கின்றன. 1536 மே மாதம் அவர் கணவரின் ஆணைப்படி தலை வெட்டப்பட்டார். எழுத்துகளை அகற்ற யாரும் முனையவில்லை. 13 வயதுப் பிள்ளை அந்த எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்தால் அதற்குப் பின் உங்களை நிறையக் கேள்வி கேட்கும். பலிபீடத்தின் பின்னால் இருக்கும் ஓவியம் ரூபன்ஸ் வரைந்தது.

பள்ளித் தவணை வேறு, பல்கலைக்கழகத் தவணை வேறு என்பதை நினைவில் வையுங்கள். பல்கலைக்கழகத் தவணை நாட்களில் மாலையில் ஈவன்சாங் என்ற பாடல் வழிபாடு நடக்கும், அதற்குக் கட்டணம் இல்லை. அமைதியாக உட்கார முடிந்த பிள்ளைகள் என்றால் அவசியம் அழைத்துச் செல்லுங்கள். அப்போது படம் எடுக்கக் கூடாது.

கேள்வி: மே மாத விடுமுறையில் வரலாமா?

பதில்: அது தேர்வுக் காலம். ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை பல கல்லூரிகள் பார்வையாளரை அனுமதிப்பதில்லை, அல்லது மிகவும் குறைத்துக்கொள்கின்றன. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் நல்லவை. எப்போது வந்தாலும் அன்று காலை இணையதளத்தைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மகளுக்குக் கணிதம் மிகவும் பிடிக்கும். இராமானுஜன் வாழ்ந்த அறையைக் காட்ட முடியுமா?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். அறையைக் காட்ட முடியாது. அவர் தங்கியிருந்த ட்ரினிட்டி கல்லூரியின் ஹ்யூவெல்ஸ் கோர்ட் இன்றும் மாணவர் விடுதிதான், வெளியார் உள்ளே செல்ல இயலாது. ஆனால் அந்தத் தெருவில் நின்று அவர் கதையைச் சொல்ல முடியும், அதைச் செய்யுங்கள்.

கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் 1913 ஜனவரியில் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் இந்தக் கல்லூரிக்குத்தான் வந்தது. 1914 ஏப்ரலில் அவரே வந்து சேர்ந்தார், சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கியது. சைவ உணவை விடாதவர் ஆதலால் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் உண்ணாமல் தம் அறையிலேயே சமைத்தார், போர்க்காலத்தில் பொருள்கள் கிடைப்பது அரிதானது, 1917இல் நோய்வாய்ப்பட்டார். 1918இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது, அதே ஆண்டு அக்டோபரில் ட்ரினிட்டியின் ஃபெலோ (கல்லூரியின் அறிஞர் குழு உறுப்பினர்) ஆன முதல் இந்தியர் ஆனார். 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரலில் 32 வயதில் காலமானார்.

அவருடைய கடைசிக் காலக் கணக்குத் தாள்கள், இன்று ‘தொலைந்த குறிப்பேடு’ என்று அழைக்கப்படுபவை, 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டது ட்ரினிட்டியின் ரென் நூலகத்தில்தான். கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்து 1695இல் முடிந்த அந்த நூலகம் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் பொதுமக்களுக்குத் திறக்கும். கண்ணாடிப் பேழைகளில் வைக்கும் ஏடுகள் மாறிக்கொண்டே இருப்பதால், இராமானுஜன் கையெழுத்தைக் காண்பது உறுதி என்று மகளிடம் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

ட்ரினிட்டியின் பெருவாயிலுக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஓர் ஆப்பிள் மரம் நிற்கிறது. நியூட்டனின் ஊரான வூல்ஸ்தோர்ப் மரத்தின் வழி ஒட்டு வைத்து வளர்த்தது. அதன் பின்னால்தான் நியூட்டன் இருந்த அறைகள். இதற்குக் கட்டணம் இல்லை, தெருவிலிருந்தே பார்க்கலாம். வாயிலின் மேல் நிற்கும் எட்டாம் ஹென்றியின் கையில் செங்கோலுக்குப் பதில் நாற்காலிக் கால் இருப்பதைச் சின்னப் பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கு வந்த வானியற்பியல் அறிஞர் சந்திரசேகரும் ட்ரினிட்டிதான். சிதம்பரத்தில் பிறந்து 2009இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனும் ட்ரினிட்டியின் ஃபெலோ. நம் பிள்ளைகளுக்கு இந்த ஊர் அந்நியமானதன்று என்பதை இந்தத் தெருவில் நின்று சொல்ல வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கேள்வி: எல்லாக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டா?

பதில்: இல்லை. ஒவ்வொரு கல்லூரியும் தனி நிறுவனம். கட்டணமும் நேரமும் அதனதன் முடிவு.

கேள்வி: காலையில் கேம்பிரிட்ஜ், மாலையில் ஆக்ஸ்ஃபர்ட் என்று ஒரே நாளில் முடிக்க நினைக்கிறோம். ஹாரி பாட்டர் மண்டபமும் பார்க்க வேண்டும்.

பதில்: இரண்டையும் இணைத்த நேரடி ரயில் 1967 இறுதியில் நிறுத்தப்பட்டது, லண்டன் வழியாகச் சுற்றினால் பாதி நாள் ரயிலிலேயே போய்விடும். மண்டபம்தான் முக்கியம் என்றால் ஆக்ஸ்ஃபர்டுக்கு மட்டும் செல்லுங்கள். கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் படிக்கட்டில்தான் படப்பிடிப்பு நடந்தது. மண்டபம் அங்குள்ளதை முன்மாதிரியாகக் கொண்டு அரங்கில் கட்டப்பட்டது. மாணவர்கள் சாப்பிடும் நேரத்தில் அந்தக் கூடம் மூடியிருக்கும். ஆக்ஸ்ஃபர்டைப் பற்றி இதற்கு மேல் அங்கு வாழ்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. சக்கர நாற்காலி கொண்டு வரலாமா?

பதில்: தாராளமாக. கிங்ஸ் தேவாலயத்துக்குள் சக்கர நாற்காலியில் செல்லலாம். ஆனால் பழைய முற்றங்களிலும் சில சந்துகளிலும் உருண்டைக் கற்கள் பதித்திருப்பதால் தள்ளுவது கடினம், அமர்ந்திருப்பவருக்கும் உடம்பு வலிக்கும். வாயிற்காவலரிடம் கேட்டால் சமதள வழியைக் காட்டுவார். படகு தட்டையான அடியுடையது, தாழ்வாக உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு ஏறி இறங்குவதுதான் சிரமம். முன்பதிவுக்கு முன் படகு நிறுவனத்திடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: குயின்ஸ் கல்லூரியில் நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டிய மரப்பாலத்தை உள்ளே சென்று பார்க்க வேண்டுமா?

பதில்: சில்வர் தெருப் பாலத்தில் நின்றாலே நன்றாகத் தெரியும், கட்டணம் வேண்டாம். நியூட்டன் 1727இல் இறந்தார். பாலம் 1749இல் கட்டப்பட்டது. வடிவமைத்தவர் வில்லியம் எதெரிட்ஜ், கட்டியவர் ஜேம்ஸ் எசெக்ஸ்.

கேள்வி: மேலே பாலத்தைப் பற்றி எழுதியது சரியல்ல. படகோட்டி எங்களுக்குத் தெளிவாகச் சொன்னார்: நியூட்டனின் வரைபடத்தை வைத்துப் பிறகு கட்டினார்கள், ஆணி கிடையாது, மாணவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்ட முடியாமல்தான் திருகாணி போட்டார்கள்.

பதில்: படகோட்டிகள் பலகாலமாக இக்கதையைச் சொல்கிறார்கள். நியூட்டனை இந்தப் பாலத்தோடு இணைக்கும் வரைபடம் எதுவும் இல்லை. தொடக்கத்திலிருந்தே இணைப்புகளில் இரும்பு இருந்தது, வெளிப்பக்கத்திலிருந்து செலுத்தியதால் நடப்பவர் கண்ணுக்குப் படவில்லை. 1866இலும் 1905இலும் பாலம் புதுப்பிக்கப்பட்டது. 1905இல் கண்ணுக்குத் தெரியும் போல்ட்டுகளைப் போட்டதால்தான் முன்பு எதுவுமே இல்லை என்ற கதை வலுப்பெற்றது. அத்தனை கனமான மரங்களை ஆற்றின் மேல் மாணவர்கள் பிரித்துப் போட்டார்கள் என்பதை அந்த மரங்களைப் பார்த்த எவரும் நம்ப மாட்டார்.

கேள்வி: நான் கட்டுமானப் பொறியாளர். நியூட்டன் இல்லை என்றால் அதைக் ‘கணிதப் பாலம்’ என்று அழைப்பதில் என்ன பொருள்?

பதில்: நல்ல கேள்வி. வளைவாகத் தெரியும் அந்தப் பாலத்தில் வளைந்த மரம் ஒன்றுகூட இல்லை. நேரான மரங்கள் ஒவ்வொன்றும் ஒரு வட்ட வில்லுக்குத் தொடுகோடாக வைக்கப்பட்டு, அவற்றை ஆரக்கோட்டின் திசையில் வேறு மரங்கள் கட்டி முக்கோணங்களாக்குகின்றன. சுமை பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் அழுத்தமாக இறங்குவதால் மரம் வளைந்து முறியும் வாய்ப்புக் குறைகிறது. பழுதான ஒரு துண்டை மட்டும் கழற்றி மாற்றவும் முடிகிறது. சில்வர் தெருவில் நின்று ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிள்ளைகளை விரலால் பின்தொடரச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பில் படித்த தொடுகோடு கண்முன் நிற்கும். எதெரிட்ஜ் ஒரு தச்சர். அவருக்குரிய புகழை நியூட்டனுக்குக் கொடுப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கேள்வி: பாலத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ட்ரினிட்டி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்லவில்லையே?

பதில்: இந்த வகைக் கேள்விகள் பல வந்துள்ளன, எல்லோருக்கும் ஒரே பதில். இன்று நான் எழுதும் நேரம் நீங்கள் வரும் நாளில் பொய்யாகிவிடலாம். அன்று காலை கல்லூரியின் இணையதளத்தைப் பாருங்கள்.

கேள்வி: புல்வெளியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாமா?

பதில்: கல்லூரிப் புல்வெளியில் கால் வைக்கக் கூடாது, ஃபெலோக்களுக்கு மட்டுமே அந்த உரிமை. ஜீசஸ் கிரீன், பார்க்கர்ஸ் பீஸ் ஆகிய பொதுத் திடல்களில் தாராளமாக உண்ணலாம். கிரிக்கெட் பிடித்த பிள்ளை இருந்தால், ட்ரினிட்டி மாணவராக வந்து 1893இல் பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்த இரஞ்சித்சிங்ஜியின் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் பதினொன்றாம் வகுப்பு. இங்கே சேர என்ன மதிப்பெண் வேண்டும் என்பதையும் அன்றே விசாரித்துக்கொள்ளலாமா?

பதில்: வாயிற்காவலரிடம் அதைக் கேட்காதீர்கள். அதற்கென்றே கல்லூரிகள் திறந்த நாள் நடத்துகின்றன. அதற்குத் தனியாகப் பதிந்து வாருங்கள்.

கேள்வி: திங்கட்கிழமை மட்டுமே விடுப்பு கிடைக்கும். மழை பெய்தால் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்தானே?

பதில்: அது வழக்கமாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். மழைக்குக் கிங்ஸ் தேவாலயத்திலேயே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். பின்னர் பெனெட் தெரு முனையில் கார்ப்பஸ் கல்லூரிச் சுவரில் பதித்திருக்கும் தங்கநிறக் கடிகாரத்தைப் பாருங்கள். 2008இல் வைத்தது, மேலே ஒரு பெரிய வெட்டுக்கிளி வாயைத் திறந்து மூடி நிமிடங்களைத் தின்றுகொண்டிருக்கும். தெருவிலேயே இருப்பதால் குடையோடு நின்று பார்க்கலாம். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டுமே சரியான நேரம் காட்டும்படி அமைந்தது. ஆகவே திரும்பும் ரயிலுக்கு உங்கள் கைக்கடிகாரத்தையே பாருங்கள்.