இரட்டை பிராசசர் கணினி: டர்பன் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும் (கேட்டவரின் ஊர் முன்னால்)

சாட்ஸ்வொர்த்: அண்ணா, 1366 சாக்கெட் இரட்டை மதர்போர்டு மலிவாகக் கிடைத்தது. இன்டெல் சியான் டபிள்யூ3680 பிராசசர் இரண்டு வாங்கலாமா?

வேண்டாம். பக்கத்துப் பிராசசரோடு பேசும் இரண்டாவது க்யூபிஐ இணைப்பு டபிள்யூ36 வரிசையில் கிடையாது. சாக்கெட்டில் அழகாக உட்காரும், ஜோடியாக ஓடாது. எக்ஸ்56 வரிசையில் தேடுங்கள். பின்னால் வந்த சியான் இ5 என்றால் எண் 16இல் தொடங்குவது ஒற்றை, 26இல் தொடங்குவது இரட்டை. பணத்தை எடுக்குமுன் மூடியில் பொறித்த எண்ணைப் படியுங்கள், விளம்பரத்தை அல்ல.

பீனிக்ஸ்: இவிஜிஏ எஸ்ஆர்-2 போர்டில் இரண்டு எக்ஸ்5650 வைத்திருக்கிறேன். வேகத்தை எவ்வளவு ஏற்றலாம்?

நல்ல போர்டு, தம்பி. பெரும்பாலான சர்வர் போர்டுகளின் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) வேகம் ஏற்றும் கதவைத் திறப்பதே இல்லை. அடிப்படைக் கடிகாரத்தைப் பெருக்கித்தான் வேகம் வருகிறது; அந்தப் பெருக்கல் எண் 20க்கு மேல் ஏறாது, டர்போ (தானாக ஏறும் வேகம்) தவிர. ஆகவே 133 மெகாஹெர்ட்ஸ் என்ற அந்தக் கடிகாரத்தைத்தான் நகர்த்த வேண்டும். 160 வைத்தால் 3.2 கிகாஹெர்ட்ஸ். ஆனால் மெமரியும் க்யூபிஐயும் கூடவே ஏறும். 1333 மெமரி 1600 ஆகிவிடும், விகிதத்தை ஒரு படி இறக்கி 1280இல் வையுங்கள். டர்போவை அணைத்து, ஐந்தைந்தாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இரவு முழுக்கச் சுமை கொடுங்கள். பிராசசரின் மின்னழுத்தம் 1.35 வோல்ட்டைத் தாண்டவே கூடாது. விசிறிகள் ஒரே திசையில் ஊதினால் பின்னால் இருக்கும் பிராசசர் முன்னதன் சூட்டைத்தான் குடிக்கும்; அது தடுமாறும் இடமே இரண்டுக்கும் எல்லை. ஜூலையில் நிலைத்து நின்றது பிப்ரவரிப் புழுக்கத்திலும் நிற்கும் என்று நம்பாதீர்கள்.

டோங்காட்: விளையாட்டுக்கு இரட்டை நல்லதா?

இல்லை.

வெருலம்: ஐயா, இந்தப் பழைய இரும்புக்கு ஏன் இத்தனை பாடு? ஒரு ரைசன் 5950எக்ஸ் போதாதா?

போதும், பல வேலைகளுக்கு அதுவே மேல். அது 16 கோர், 105 வாட். இரண்டு எக்ஸ்5650 சேர்ந்தால் 12 கோர், 190 வாட், அதுவும் ஏற்றுவதற்கு முன். கணக்குகளை மொத்தமாகச் செய்யும் ஏவிஎக்ஸ் கட்டளைகளும் எக்ஸ்56இல் இல்லை. சில புதிய மென்பொருள்கள் திறக்கவே மறுக்கும்.

மேர்பேங்க்: அப்படிச் சொல்லிவிடாதீர்கள். என் சர்வர் போர்டில் 96 ஜிபி பழைய டிடிஆர்3 ரெஜிஸ்டர்டு மெமரி ஓடுகிறது. அதே அளவு புதிதாக வாங்க என்ன விலை?

வெருலம்: மிச்சம் பிடித்ததையெல்லாம் மின்சாரக் கட்டணத்தில் கொடுப்பீர்கள்!

மேர்பேங்க்: நான் வாரத்தில் ஒருநாள்தான் ஓட்டுகிறேன்.

அப்படியென்றால் மேர்பேங்க் பக்கம் நியாயம் இருக்கிறது. இரவும் பகலும் ஓடும் கணினிக்கு வெருலம் சொல்வதே சரி. மெமரி தேவைப்பட்டு, எப்போதாவது ஓடுவதென்றால் பழைய சியான் மலிவு. ஆனால் மெமரியை இரண்டு பிராசசர்களுக்கும் சமமாகப் பங்கிடுங்கள். ஒரே பக்கம் குவித்தால் மற்றது ஒவ்வொரு தடவையும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: எக்ஸ்5650 ஒன்று, எக்ஸ்5670 ஒன்று கலக்கலாமா?

ஜோடி என்றால் ஒரே எண், ஒரே ஸ்டெப்பிங் (சிப்பின் திருத்தப் பதிப்பு). பயாஸைப் புதுப்பிக்கும்போது மின்வெட்டு வராத நேரமாகப் பாருங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

ஸ்டாங்கர்: டபிள்யூ3690 இரண்டு போடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

இசிபிங்கோ: எல்லாம் பொருத்திவிட்டேன், விண்டோஸ் 10 ஹோமில் ஒரு பிராசசர்தான் தெரிகிறது. மற்றது பழுதா?

பழுதில்லை. ஹோம் ஒரு சாக்கெட்டைத்தான் ஏற்கும். புரோ போடுங்கள்.