இனப்பெருக்கப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். சென்ற ஆண்டு ‘மனித இனப்பெருக்கம்’ என்று கரும்பலகையில் எழுதியதுமே கடைசி பெஞ்சில் சிரிப்பு கிளம்பிவிட்டது. எனக்கும் குரல் தடுமாறியது. “மீதியை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டேன். இந்த முறை அப்படி நழுவ விருப்பமில்லை. மாணவர்களையும் மாணவிகளையும் தனித்தனியே உட்காரவைத்து நடத்தலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சிரிப்பைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டிராத சொல்லை வகுப்பில் கேட்டால் பதினான்கு வயதில் சிரிப்புதான் வரும். நான் முதன்முதலில் இந்தப் பாடத்தை எடுத்தபோது பாதி நேரம் கரும்பலகைக்குத்தான் பாடம் நடத்தினேன். ‘அந்த உறுப்பு’, ‘அந்தப் பகுதி’ என்று நான் சுற்றி வளைத்த ஒவ்வொரு முறையும் சிரிப்பு கூடிக்கொண்டே போயிற்று. ஆண்குறி, யோனி, விதைப்பை, கருப்பை என்பவற்றை இரைப்பை, குடல் என்று சொல்லும் அதே குரலில் சொல்ல வேண்டும். முந்தின நாள் தனியாக உட்கார்ந்து இந்தச் சொற்களை உரக்கச் சொல்லிப் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் மறுநாள் நாக்கு புரளாது.

உறுப்புகளின் படத்தைத் தொடக்கத்திலேயே மாட்டிவிடாதீர்கள், செல்லிலிருந்து தொடங்குங்கள். உடல் செல்லில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. இரண்டு செல்கள் அப்படியே இணைந்தால் 92 ஆகிவிடுமே, உடல் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று கேளுங்கள். வகுப்பு யோசிக்கத் தொடங்கிவிடும். பாதியாகக் குறைக்கும் வேலை நடக்கும் இடங்களாக விந்தகமும் அண்டகமும் வந்து சேரும்போது, அவற்றின் பெயர் கூச்சத்துக்குரியதாக இருக்காது, விடையாக இருக்கும். பிறகு கூர்மையான பென்சில் முனையால் தாளை மெல்லத் தொட்டு ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மனித அண்டம், அதாவது பெண்ணின் கருமுட்டை, அதைவிடச் சற்றுச் சிறியது, ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். எல்லோரும் தாளைக் கண்ணருகே தூக்கிப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தில் சிரிப்பு தானாக அடங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தனித்தனியே நடத்துவதை நான் ஏற்கவில்லை. பிரித்து உட்காரவைத்தால், மாதவிடாய் என்பது பெண்கள் மறைத்துவைக்க வேண்டிய ஒன்று என்ற பாடத்தை நாம் வாய் திறக்காமலே நடத்திவிடுகிறோம். மாணவிகளுக்கு நாப்கின் முதலியவை குறித்து விவரமாகப் பேசத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நல்லதுதான். ஆனால் அது கூடுதல் வகுப்பாக இருக்கட்டும், அறிவியல் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

மாதவிடாய்க்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அதைக் கடந்துகொண்டிருப்பவர்கள். ஒரு குவளையில் சிவப்பு நீரை வைத்து, ஒரு மாதவிடாயில் எவ்வளவு இரத்தம் வெளியேறும் என்று ஊகித்து ஊற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் கால் லிட்டரைத் தாண்டி ஊற்றுவார்கள். பிறகு அளவு உருளையில் 40 மில்லிலிட்டர் அளந்து காட்டுங்கள். பலருக்கும் மொத்தமே அவ்வளவுதான். 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

‘28 நாள் சுழற்சி, 14ஆம் நாள் அண்டம் வெளியேறும்’ என்று மனப்பாடம் செய்யவைப்பது எனக்குப் பிடிக்காது. 28 என்பது சராசரியை ஒட்டிய எண் மட்டுமே. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 21 முதல் 45 நாள் வரை இடைவெளி இருப்பது இயல்பு. இதைச் சொல்லாவிட்டால் 38 நாள் இடைவெளி உள்ள ஒரு மாணவி தனக்கு ஏதோ நோய் என்று பயந்துகொண்டு வீடு திரும்புவாள். அண்டம் வெளியேறுவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு. அப்படியானால் 35 நாள் சுழற்சியில் அது எந்த நாள்? கணக்காகக் கொடுங்கள், 21 என்று அவர்களே சொல்வார்கள்.

வேறு சில பிழைகளையும் வகுப்பில் எதிர்பார்க்கலாம். பெண்ணுக்குச் சிறுநீர்த் துளையும் யோனித் துளையும் ஒன்று என்று மாணவிகளே நினைத்திருப்பார்கள், இரண்டும் வேறு. கருவுறுதல் கருப்பையில் நடப்பதாக விடைத்தாளில் எழுதுவார்கள், அது நடப்பது கருக்குழாயில். தாயின் இரத்தம் குழந்தையின் உடலுக்குள் பாய்வதாகச் சொல்வார்கள். நஞ்சுக்கொடியில் இருவர் இரத்தமும் கலக்காமல் பொருள்கள் மட்டும் பரிமாறப்படுகின்றன. ‘முதலில் ஓடி வந்த விந்தணு வென்றது’ என்ற பந்தயக் கதையை மட்டும் தயவுசெய்து நீங்களே சொல்லிவிடாதீர்கள். வெளியேறிய உடனே விந்தணுவால் அண்டத்தைத் துளைக்க முடியாது. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து மாற்றம் அடைந்த பிறகே அந்தத் திறன் வருகிறது. முந்தி வந்ததுதான் இணையும் என்பதற்கு உறுதியில்லை.

கேள்விகளுக்கு ஒரு பெட்டி வையுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டுத்தாள் கொடுங்கள். கேள்வி இல்லாதவரும் ‘கேள்வி இல்லை’ என்று எழுதிப் போட வேண்டும். அப்போதுதான் யார் எழுதுகிறார், யார் எழுதவில்லை என்று பக்கத்தில் இருப்பவர் கவனிக்க முடியாது. பெட்டியை அங்கேயே திறக்காமல் வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டு, மறுநாள் விடை சொல்லுங்கள். சீண்டலாக எழுதப்பட்ட கேள்விக்குள்ளும் பல நேரம் உண்மையான சந்தேகம் ஒன்று இருக்கும். மொழியைத் திருத்தி அதற்கும் விடை கொடுங்கள். உங்கள் சொந்த வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை தர வேண்டியதில்லை, அதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

ஏதாவது ஒரு துண்டில், யாரோ தன்னிடம் தவறாக நடந்துகொள்வதைப் போன்ற குறிப்பு இருந்தால் அதை வகுப்பில் வாசிக்கக் கூடாது. அன்றே தலைமையாசிரியரிடமோ பள்ளியின் மனநல ஆலோசகரிடமோ கொண்டு செல்லுங்கள். மறுநாள் வகுப்பில் பொதுவாக, “என்னிடம் தனியாகப் பேச விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு வரலாம்” என்று சொல்லிவிட்டு, அந்த இடைவேளை முழுவதும் அங்கேயே இருங்கள்.