மெமரி இருக்கிறது, இடம்தான் இல்லை: ஸ்ட்ரிங் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையில் வெப்பநிலை பதிவு. ஒரு நாள் ஒழுங்காக ஓடுகிறது. அப்புறம் சீரியலில் (பலகை கணினிக்கு எழுத்து அனுப்பும் வழி) வரிகள் அறுந்து வருகின்றன. எரர் எதுவும் இல்லை.

பதில்: லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, += போட்டு ஒட்டி ஒட்டி வளர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊனோவின் ராம் மொத்தமே 2048 பைட். ஒவ்வொரு += க்கும் ஸ்ட்ரிங் அப்போதைக்குத் தேவையான அளவு இடத்தை மட்டுமே கேட்கும். ஒட்டிய இடம் காலியில்லை என்றால் வேறு இடத்துக்குக் குடிபோகும். விட்டுப்போன இடம் ஓட்டையாக நிற்கும். 30 பைட்டில் இரண்டு ஓட்டைகள் தள்ளித் தள்ளிக் கிடந்தால் 50 பைட் வரிக்கு இரண்டுமே உதவாது. பாயின்டர்கள் (இடத்தைச் சுட்டும் மாறிகள்) நேரடி முகவரியைப் பிடித்திருப்பதால் ஓட்டைகளை நகர்த்திச் சேர்க்கவும் முடியாது. இடம் கிடைக்காதபோது += சத்தமில்லாமல் சேர்க்காமலே விட்டுவிடும். அறுந்த வரி அதுதான்.

ஸ்ட்ரிங்கை குளோபலாக (எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே) வைத்து, தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் செட்டப்பிலேயே ரிசர்வ்(80) கொடுத்து இடத்தை முன்பே பிடித்துவிடுங்கள். லூப்பில் "" போட்டுக் காலி செய்தாலும் அந்த இடம் கையிலேயே இருக்கும். வரி = வரி + மதிப்பு என்று மட்டும் எழுதாதீர்கள்; நடுவில் ஒரு நகல் முளைக்கும்.

என்னைக் கேட்டால் ஊனோவுக்கு 48 பைட் கேரக்டர் அரேயும் (அளவு மாறாத எழுத்து வரிசை), அதில் அளவு தாண்டாமல் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப்பும் போதும். தசம எண்ணுக்கு %எஃப் போட்டால் அங்கே கேள்விக்குறிதான் வரும். முதலில் டிடிஓஸ்டிஆர்எஃப் வைத்து எண்ணை எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 20 பைட் பஃபரில் (எழுத்தை வைக்கும் அரேயில்) "வெப்பநிலை" என்று எழுதினால் கடைசியில் குப்பை எழுத்து வருகிறதே?

பதில்: யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். கண்ணுக்கு 5 எழுத்து. உள்ளே 9 குறியீடு, 27 பைட், முடிவுக்குறிக்கு 1, ஆக 28. உங்கள் பஃபரில் 19 பைட்தான் நின்றது: "வெப்பந" வரை 18, அடுத்த 'ி'யின் முதல் பைட் மட்டும் தொங்குகிறது. எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பித் தரும் எண் பஃபர் அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ வெட்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: எழுத்தை ஃபிளாஷிலேயே (நிரல் இருக்கும் நினைவகம்) வைக்கும் எஃப்() மேக்ரோ போட்டும் ராம் மிச்சமாகவில்லை சார்.

பதில்: பிரிண்ட்டுக்கு நேராகக் கொடுத்தால்தான் பலன். ஸ்ட்ரிங்கில் போட்டால் ஃபிளாஷிலிருந்து ஹீப்புக்கு (ஓடும்போது கேட்டு வாங்கும் ராம் பகுதி) நகல் வந்துவிடும்.

கேள்வி: இஎஸ்பி8266 வைஃபை சிப்பில் ஹீப் 20,000 பைட் காலி என்கிறது, எச்டிடிபிஎஸ் இணைப்பு மட்டும் தோற்கிறது.

பதில்: மொத்தக் காலி இடத்தைச் சொல்லும் கெட்ஃப்ரீஹீப்பை விடுங்கள், ஒரே துண்டாக உள்ள பெரிய காலி இடத்தைச் சொல்லும் கெட்மேக்ஸ்ஃப்ரீபிளாக்சைஸ் என்ன சொல்கிறது என்று பாருங்கள். எச்டிடிபிஎஸ்ஸின் மறையாக்கத்தைச் செய்யும் பேர்எஸ்எஸ்எல் நூலகம் வாங்கும் பஃபருக்கே இயல்பாகச் சுமார் 16 கேபி ஒரே துண்டாக வேண்டும். சர்வர் சிறிய துண்டுகளுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று புரோப்மேக்ஸ்ஃபிராக்மென்ட்லென்த் மூலம் சோதித்து, ஆம் என்றால் செட்பஃபர்சைசஸில் 1024 கொடுங்கள்.